மாசி வீதியில் ஏன் சித்திரைத் தேர்? மதுரைக்குள் கதையும் பாட்டும் பதிவு செய்தல்: அனுபவப் பகிர்வு

பதிவு செய்து பழகியவர்கள் பேசுகிறார்கள். பேசுபவர் பெயருக்குப் பதில் அவர் பகுதியின் பெயர்.

சிம்மக்கல்:

"நாட்டுப்புறக் கதை ஏதாவது தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டு போய் நின்றால் மதுரையில் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "எனக்கென்னப்பா தெரியும், அந்தா அந்த வாத்தியாரக் கேளு." வாத்தியார் திருவிளையாடல் புராணத்தை அச்சுப் பிசகாமல் சொல்வார். அது புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு மைக் வேண்டியதில்லை.

கேள்வி இடத்தைப் பிடித்துப் போக வேண்டும். நடப்பது சித்திரைத் திருவிழா, தேர் ஓடுவது மாசி வீதியில். இது எப்படி என்று டீக்கடை பெஞ்சில் கேட்டுப் பாருங்கள். திருமலை நாயக்கர் மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றிய கதை வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தேர் இழுக்க ஆள் கிடைக்காத கதை, அறுவடைக் கதை, தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை மதுரைக்குத் திருப்பிய கதை எல்லாம் வரும். சிம்மக்கல்லில் சிங்கம் எங்கே, விளக்குத்தூணில் விளக்கு ஏற்றியது யார், மாரட் வீதிக்குப் பேர் கொடுத்த மாரட் யார், யானைமலையும் நாகமலையும் பசுமலையும் எங்கிருந்து வந்தன? ஒவ்வொரு கேள்விக்கும் அரை மணி நேரப் பேச்சு உறுதி.

அழகர் ஆற்றில் இறங்குவதற்குக் கோயில் சொல்லும் காரணம் மண்டூக முனிவரின் சாபவிமோசனம். ஊர் சொல்லும் காரணம் வேறு. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்தவர், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூர் போய்விட்டார். ஒரே ஆள் பத்து நிமிட இடைவெளியில் இரண்டையும் சொல்வார். அப்போது "எதுங்கய்யா உண்மை?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த நொடியே சொந்தக் கதை அடங்கிப்போய்ப் புத்தகக் கதை பேச ஆரம்பிக்கும். கேட்க வேண்டியது, "இத யாரு சொல்லக் கேட்டீங்க?"

கலெக்டர் பீட்டர் கதைக்கும் இதே முறைதான். ரவுஸ் பீட்டர் 1812 முதல் 1828 வரை மதுரையில் கலெக்டர். மீனாட்சிக்கு அவர் கொடுத்த, சிவப்புக்கல் பதித்த தங்க அங்கவடி கோயிலில் இருக்கிறது. இடியும் மழையுமான ராத்திரியில் ஒரு சின்னப் பிள்ளை வந்து அவரை வீட்டுக்கு வெளியே அழைத்துப் போனதும், பின்னாலேயே வீடு விழுந்ததும் ஊர் வாய்க் கதை. குறிப்பு எழுதும்போது இவை இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். ஒன்றாகக் குழைத்து எழுதினால் பின்னால் வருகிறவருக்கு எது பொருள், எது கதை என்று பிரிக்க வழியிருக்காது.

தெற்குவாசல்:

கருவி பற்றிச் சுருக்கமாக.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 கூடவே கூடாது. ஒரு மைக் என்றால் மோனோவே போதும். மணிக்கு சுமார் 520 எம்பி, ஸ்டீரியோ என்றால் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 32 ஜிபி அட்டையில் ஸ்டீரியோவாக 30 மணி நேரத்துக்குக் கிட்டக் கொள்ளும். அதனால் இடம் போதாது என்று தரத்தைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பேசுபவருக்குக் காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். சேலைத் தலைப்பில் குத்தினால் பட்டும் சரிகையும் உரசி ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். ரவிக்கையின் தோள் ஓரத்தில் குத்துவது நல்லது, அதையும் அவரையே குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தாலிச் சங்கிலியும் கண்ணாடி வளையலும் அடுத்த எதிரிகள். வளையலைக் கழற்றச் சொல்லக் கூடாது. கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

அளவு மானி பேச்சில் -12 டெசிபலைத் தொட்டு நிற்க வேண்டும். பாட்டு என்றால் -18இல் ஆரம்பியுங்கள். மெதுவாகத் தொடங்குகிற தாலாட்டு நாலாவது வரியில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. 32 பிட் மிதவை (float) பதிவுக் கருவி இருந்தால் அளவு வைக்க வேண்டாம் என்பார்கள். பாதிதான் உண்மை. தப்பு மேளச் சத்தத்தில் மைக்கே திணறிவிட்டால் கருவி எத்தனை பிட்டாக இருந்தும் பிரயோஜனமில்லை.

போனில் எடுப்பதாக இருந்தால் முதலில் ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். தானே சத்தத்தை ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிகிற செயலியாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தெரு இரைச்சல் பொங்கி எழும், அதைப் பின்னால் எடுக்கவே முடியாது. எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்புங்கள். ஆடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும்.

மின்விசிறி, டியூப்லைட் சோக், ஃபிரிட்ஜ், இந்த மூன்றையும் அணைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்பிப் போகும்போது மறக்காமல் போட்டுவிடுவீர்கள், அவர்கள் வீட்டு மாவும் புளித்துப்போகாது. முடிந்த பிறகு யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் வெறும் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வெட்டி ஒட்ட உதவும். அடிச்சத்தத்தை வெட்டும் 80 ஹெர்ட்ஸ் பொத்தானை எப்போதும் போட்டே வைத்திருங்கள்.

செல்லூர்:

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு, அண்ணே. பேச்சுக்குச் சரி. உறுமிக்கும் தவிலுக்கும் அதைப் போட்டால் உயிர் போய்விடும். வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உறுமியில் வருகிற அந்த முனகல் அடியில்தான் இருக்கிறது. மேளம் இருந்தால் பொத்தானை எடுத்துவிட்டு, மைக்கை நாலைந்து மீட்டர் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் வைப்பதே வழி.

முளைப்பாரிக் கும்மி பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் இன்னும் உயிரோடு இருக்கிற பாட்டு இது. மாரியம்மன், காளியம்மன் பொங்கலுக்குச் செல்லூரிலும் தத்தனேரியிலும் ஆரப்பாளையத்திலும் சந்துக்குச் சந்து பாரி போடுகிறார்கள். ஓட்டில் எரு பரப்பி நவதானியம் விதைத்து இருட்டறையில் வைத்துவிட்டு, ராத்திரிதோறும் வெளியே கும்மி கொட்டுவார்கள். வெயில் படாததால் முளை வெளிர்மஞ்சளாக வளரும். பாரி வீட்டுக்குள் எல்லாரும் போக முடியாது, ஆண்கள் எட்டிப் பார்ப்பது பல இடங்களில் கூடாது. பதிவுக்குப் பெண்கள் போவதுதான் முறை. கருவி உள்ளே வரலாமா என்று பாரி எடுத்து வைத்திருக்கிற அம்மாவிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சாமியாடி சம்மதித்தார், தலைவர் சம்மதித்தார் என்பதெல்லாம் அந்த வாசலில் செல்லாது.

மைக் எங்கே வைப்பது? பாதிப் பேர் வட்டத்துக்கு வெளியே நின்று எடுக்கிறார்கள். பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மா சுற்றி வரும்போது அவர் குரல் ஒரு வரி பக்கத்தில், மூணு வரி தூரத்தில் என்று போய் வந்துகொண்டிருக்கும். வட்டத்தின் நடுவில் ஆறேழு அடி உயரத்துக்குக் கம்பு நட்டு, எல்லாத் திசையும் கேட்கிற மைக்கைத் தொங்கவிடுங்கள். நடுவிலிருந்து எல்லாரும் ஒரே தூரம்தானே! ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மைக் இங்கே உதவாது. எடுத்துக் கொடுப்பவருக்கு மட்டும் தனியாக ஒரு காலர் மைக் போட்டு இரண்டாவது தடத்தில் எடுத்தால், அவர் வரியைத் திருப்பிப் பாடுகிற கூட்டத்துக்குள் அமுங்கிப்போகும் சொற்களை அதிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். உயரம் ஏன் என்றால், குனிந்து கொட்டும்போது கைத்தட்டு முழங்கால் மட்டத்தில் வெடிக்கும். மைக் அங்கே இருந்தால் பாட்டே கேட்காது.

இன்னொன்று. "செல்லூர்ப் பாட்டு" என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். பாடுகிற அம்மா மேலூரிலோ உசிலம்பட்டிப் பக்கத்திலோ பிறந்து வாக்கப்பட்டு வந்தவராக இருப்பார், பாட்டும் அவரோடு வந்ததாக இருக்கும். மதுரைப் பாட்டில் பாதி இப்படிச் சீதனமாக வந்ததுதான். பிறந்த ஊர், வாக்கப்பட்டு வந்த வருஷம், பாட்டை அம்மாவிடம் படித்ததா மாமியாரிடம் படித்ததா, இந்த மூன்றும் இல்லாத கும்மிப் பதிவு, கோப்பு எண் மட்டும் உள்ள சத்தம்.

அழகரடி:

அழகர் வர்ணிப்பை (அழகர் கதையைப் பாடுகிற நீளப் பாட்டு) ஆற்றில் இறங்குகிற அன்று காலையில் எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு: வேண்டாம். கரை நெடுக மண்டகப்படிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் வேறு சினிமாப் பாட்டு. போதாததற்குத் தோப்பறை என்கிற தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு வருவார்கள். மைக்குக்குப் பிளாஸ்டிக் பை மாட்டினால் தண்ணீர் போகாது, பாட்டும் போகாது. அன்றைக்கு எடுக்க வேண்டியது ஊர்ச் சத்தத்தை மட்டும். உயரமான ஒரு மாடியிலிருந்து 20 நிமிடம் விடாமல் எடுங்கள். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

வர்ணிப்புக்கு வாய்ப்பு முந்தின நாள்களில். அழகர்கோயிலிலிருந்து கிளம்பி வரும் வழியிலும் தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை இரவிலும் பாடகர்கள் அங்கங்கே உட்கார்ந்து பாடுவார்கள். அதைவிட நல்லது, திருவிழா முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர்கள் ஊருக்கே போய் எடுப்பது. தொண்டை ஆறியிருக்கும், அவசரம் இருக்காது.

வர்ணிப்புக்கு அச்சிட்ட சிறு புத்தகங்கள் உண்டு, பாடகர் கையில் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் பாடுகிறார் என்று நினைத்துப் பதிவை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. புத்தகம் கையில், கண் எங்கேயோ. பதினெட்டாம்படிக் கருப்பு வருகிற இடத்தில் அச்சில் நாலு வரி இருந்தால் வாயில் நாற்பது வரி வரும். அழகர் நகையெல்லாம் கருப்பன் காவலில் இருக்கிறதல்லவா, அவருக்கு முன்னால் நகைக் கணக்கு வாசித்துவிட்டுத்தான் அழகர் மலையை விட்டு இறங்குவார். அந்தக் கணக்கைப் பாடகர் தன் இஷ்டத்துக்கு நீட்டுவார். அச்சுப் பிரதியின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, விலகுகிற இடத்தில் பென்சிலால் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். வீட்டுக்கு வந்தபின் நாலு மணி நேரப் பதிவில் எங்கே போய்த் தேடுவது?

பக்கம் புரட்டுகிற சத்தம் வரும். வரட்டும்.

தத்தனேரி:

ஒப்பாரி. சுடுகாட்டுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் என்பதால் எங்களிடம்தான் கேட்பார்கள்.

சாவு வீட்டில் மைக்கை நீட்டக் கூடாது. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சாவு விழாத வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி பாடவும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. செவ்வாய், வெள்ளி, விளக்கு வைக்கிற நேரம், மருமகள் மாசமாக இருக்கிற வீடு, எல்லாமே தடை. கண்மாய்க் கரை, தோப்பு, பூட்டிக் கிடக்கிற பட்டறை, இப்படி வீடு அல்லாத இடமாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வதே வழக்கம். வெளி என்பதால் காற்றுக்கு ரோம உறை கட்டாயம். கடைசியில் ஒரு தாலாட்டோ சாமி பாட்டோ பாடச் சொல்லி முடிக்க வேண்டும். ஒப்பாரியோடு கருவியை அணைத்துவிட்டு எழுந்து வந்தால் அந்த அம்மாவுக்கு அன்றைய பொழுது சரியாக இருக்காது.

"சும்மா மாதிரிக்கு நாலு வரி" என்று ஆரம்பிக்கிற ஒப்பாரி நாலு வரியில் நிற்காது. ஐந்தாவது வரியில் அவருடைய சொந்தச் சாவு வந்துவிடும். செத்த மகன் பேர், அண்ணன் பங்கு பிரித்த கதை, கொழுந்தன் பேசிய பேச்சு. அழுகை வந்தால் பதிவை நிறுத்துவதா என்று எல்லாரும் கேட்பார்கள். நிறுத்த வேண்டாம், ஆனால் கருவியைப் பார்க்கவும் வேண்டாம். அவர் நிறுத்தும்போது தண்ணீர் கொடுங்கள். முழுதும் முடிந்தபின் போட்டுக் காட்டி, எந்த இடம் வெளியே போகக் கூடாது என்று அவரே சொல்லட்டும். அந்த இடத்தை வெட்டி எறியாதீர்கள். மூலம் அப்படியே இருக்கட்டும், வெளியிடும் பிரதியில் மட்டும் எடுத்துவிடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு சாவு வீட்டில் பாடுகிற தொழில்முறைக் கலைஞர்கள் வேறு. அவர்களுக்கு ஒரு இரவுக்கு என்ன கூலியோ அதைக் கொடுத்து உட்கார வையுங்கள். "பண்பாட்டுப் பணி" என்று சொல்லி இலவசமாகப் பாட வைப்பது அயோக்கியத்தனம்.

மகால் பகுதி:

எங்கள் தெருக்களில் பாட்டி பேரனுக்குச் சொல்கிற கதை தமிழில் இருக்காது, சௌராஷ்டிர மொழியில் இருக்கும். மதுரைக் கதைத் தொகுப்பு என்று ஆரம்பிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வந்தாலும் "தமிழ்ல சொல்லுங்க பாட்டி" என்பார்கள். மொழிபெயர்த்துச் சொல்லும்போது சிரிப்பு வருகிற இடத்தில் சிரிப்பு வராது. முதலில் வீட்டு மொழியில் முழுக் கதை, பிறகு தமிழில் சுருக்கம், இரண்டும் ஒரே அமர்வில், தனித்தனிக் கோப்பாக. கேட்பதற்கு வீட்டுப் பேத்தியை எதிரே உட்கார வையுங்கள். வெளியாளைப் பார்த்துச் சொல்கிற கதை பாதிதான் வரும்.

எழுதும்போது தமிழ் எழுத்தே போதும். ஆனால் வெறும் க, ச, ட, த, ப பற்றாது, ஒவ்வொன்றுக்கும் நாலு விதமான ஒலி உண்டு. எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறு எண் போட்டு எழுதும் பழைய முறையைக் கையாளுங்கள். எண்ணை விட்டுவிட்டால் வேறு சொல்லாகிவிடும்.

விளக்குத்தூண்:

புதிதாக எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். பரணில் கிடக்கிற கேசட்டுகள்? பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் டேப்ரிக்கார்டரில் எடுத்தவை, இன்றைக்கு உயிரோடு இல்லாதவர்களின் குரல்கள்.

கையில் வந்ததும் முதல் வேலை, மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைப்பது. தப்பித்தவறி மேலே பதிவாகாது. ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை நல்ல டேப் டெக்கில் போட்டால் அடுத்த நூறு கேசட்டுக்கும் ஒட்டும். தனியாகக் கட்டி வையுங்கள். பல வருஷம் ஓடாத கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகே பதிவுக்குப் போடுங்கள், ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் விடும். நாடாவை டெக்கின் தலையோடு (நாடாவைப் படிக்கிற பாகம்) அழுத்துகிற சின்னக் கம்பளித்துண்டு உதிர்ந்துபோயிருந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும். ஐந்து திருகாணி உள்ள கூடு என்றால் கழற்றிச் சுருள்களை வேறு கூட்டுக்கு மாற்றலாம். நாடா எந்த உருளைக்கு வெளியே போகிறது என்று கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொத்துப் பரோட்டாதான்.

தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் துடையுங்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், தலையின் சாய்வு அதில்தான். இரண்டு தடத்தையும் மோனோவாக்கிக் கேட்டுக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், ஒரு இடத்தில் "ச"வும் "ஸ"வும் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் ஏற்றி, பிறகு கணினியில் கூர்மை கூட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். பதிவில் டால்பி என்கிற இரைச்சல் குறைப்பைப் போடாதிருந்தால் ஓட்டும்போதும் போடக் கூடாது. இரைச்சல் நீக்கும் வேலையெல்லாம் பிரதியில்தான், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த டேப்பில் எடுத்தது இன்றைய டெக்கில் வேகமாக ஓடும், பாட்டி குரல் குழந்தைக் குரலாகும். கரண்ட்டில் போட்டு எடுத்ததாக இருந்தால் அடியில் 50 ஹெர்ட்ஸ் ஹம் இருக்கும். கணினியில் அது 52 என்று காட்டினால் 4 சதவீதம் வேகம். ஹம் 50க்கு வரும்வரை குறையுங்கள், குரல் தன் வயதுக்கு வந்துவிடும். பேட்டரியிலேயே எடுத்ததற்கு இந்த வழி உதவாது, தெரிந்தவர்களை வைத்துக் காதால்தான் சரிபார்க்க வேண்டும்.

60 நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஸ்டீரியோவில் ஒரு ஜிபி. நூறு கேசட் ஒரு பழைய வன்தட்டில் அடங்கிவிடும். நேரம்தான் செலவு: ஒரு மணி நேரக் கேசட் ஓட ஒரு மணி நேரம், துடைத்துத் திருப்ப அரை மணி.

கோரிப்பாளையம்:

எல்லாரும் எடுப்பதோடு நிறுத்திவிட்டீர்கள். எழுதுவது? ஒரு மணி நேரப் பதிவை எழுத ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும், கும்மி என்றால் இன்னும் கூட. "வந்தாய்ங்க" என்று சொன்னதை "வந்தார்கள்" என்று திருத்துகிற கையை முதலில் கட்டிப் போட வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களும் இதே திருத்தத்தைத்தான் செய்கின்றன. எலான் மென்பொருளில் ஒலியையும் வரியையும் நேரத்தோடு பொருத்தி வைத்தால், எழுத்தில் சந்தேகம் வரும்போது ஒரு தட்டில் அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

விளங்காத சொல்லுக்கு ஒரு நல்ல வழி, எதுகையைப் பார்ப்பது. முந்தின அடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து என்னவோ, பெரும்பாலும் இந்த அடியிலும் அதுவே வரும். காதுக்கு இரண்டு விதமாகக் கேட்கிற சொல்லில் பாதியை இப்படியே தீர்த்துவிடலாம். தீராததை நேரத்தோடு கேள்விக்குறி போட்டு விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பழைய அளவைச் சொற்களில் கவனம் தேவை. மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் பாட்டில் வரும் "குறுணி"யை இளைஞர்கள் "குருணை" ஆக்கிவிடுகிறார்கள். முக்குறுணி என்பது 18 படி. தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தவர் என்று சொல்லப்படுகிற அவருக்குச் சதுர்த்திக்கு அத்தனை படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. உடைந்த அரிசியில் அல்ல!

ஒப்புதலைக் காகிதத்தில் கையெழுத்தாக வாங்கினால் சொத்துப் பத்திரமோ என்று பயப்படுவார்கள். பதிவிலேயே பேச்சாக வாங்குங்கள். பெயர் போடலாமா, இணையத்தில் போடலாமா, படிப்பவர்களுக்கு மட்டுமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும். பாடியவருக்கு 1957 பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவில் உரிமை உண்டு, 50 ஆண்டுக்கு. பாட்டு யாருடையதும் இல்லை என்பதால் பாடியவர் குரலும் யாருடையதும் இல்லை என்று ஆகாது. சாதியைத் திட்டுகிற வரி, இன்னும் அதே தெருவில் இருக்கிற குடும்பத்தின் பேர் சொல்கிற கொலைச்சிந்து, இவற்றை எடுத்து வையுங்கள், எழுதி வையுங்கள், வெளியிட அவசரம் வேண்டாம்.

கோப்புப் பெயர் எட்டு இலக்கத் தேதியில் தொடங்கட்டும். அடுத்து இடம், வகை, வரிசை எண். இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழில் வைத்தால் சில கருவிகளில் பெட்டி பெட்டியாக வரும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். யூடியூபில் ஏற்றியது பிரதிக் கணக்கில் சேராது.

பாடியவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். இணைப்பு அனுப்பினால் திறக்கத் தெரியாது. வீட்டில் எந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்கிறார்கள் என்று பார்த்து, அதில் செருகுகிற பென் டிரைவில் எம்பி3 ஆக்கிக் கொடுங்கள்.

செல்லூர்:

அந்த பென் டிரைவில் முதல் பாட்டாக அவர் பாடியதைப் போடுங்கள். பேட்டியை முதலில் போட்டால், பாட்டு வருவதற்குள் பேரன் அதை அழித்துவிட்டு சினிமாப் பாட்டு ஏற்றிவிடுவான்.